புதூர்நாட்டுக் களிக்கு உரிய வினை யாது?

ஆங்கிலேயர் இட்லியானாலும் காபியானாலும் 'ஹேவ்' என்ற ஒரே வினையில் முடித்துக்கொள்வர். அதே பழக்கத்தோடு ஸ்பானியம் கற்கப் போகிறவர் திண்டாடுகிறார். அங்கே ரொட்டிக்கு 'கொமேர்', தண்ணீருக்கு 'பெபேர்', சூப்புக்கும் மாத்திரைக்கும் 'தொமார்'. தமிழர் இதற்கு வியக்கலாகாது. பல வினைக்கு உரியவற்றைத் தொகுத்துச் சுட்டும் பொதுச்சொல்லை ஒன்றன் வினையால் மட்டும் முடிக்கக் கூடாதென்று தொல்காப்பியம் கிளவியாக்க இயலிலேயே விதித்துவிட்டது. உரைகாரர் காட்டும் உதாரணம் அடிசில்: உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என நான்குக்கும் அது பொது. ஆகவே அடிசிலைத் தின்றார் என்றால் வழு. பொதுவினையால் அயின்றார் என்றால் குற்றமில்லை. இந்நான்கையும் சோதிக்க ஜவ்வாது மலைப் புதூர்நாடு தோதான களம். சாமைச்சோறு உண்ணப்படும், பலாச்சுளை தின்னப்படும், கூழ் பருகப்படும், மலைத்தேன் நக்கப்படும். (நக்கல் என்பது இங்கே கேலியன்று.)

சிக்கல் கேழ்வரகுக் களியில்தான். உருண்டையைக் கிள்ளி, குழம்பில் தோய்த்து, பல்லுக்கு வேலை வைக்காமல் தொண்டைக்கு அனுப்புவதே முறை. மெல்லாததால் அது தின்றலன்று, ஒழுகாததால் பருகலன்று, நாவில் தங்காததால் நக்கலுமன்று. உண்டல் என்று ஒப்பேற்றலாம், ஆனால் சோறுண்பவரும் சற்றே மெல்லத்தான் செய்கிறார். ஆதலின் ஐந்தாவதாக 'விழுங்குவன' என்றொரு வகை வேண்டும் என்பது நம் துணிபு. அப்படியானால் களியும் மாத்திரையும் ஓரினமாகிவிடுமே எனலாம். ஆகட்டும், இரண்டையுமே கடித்தவர் வருந்துகிறார்.

'சாப்பிடு' ஒன்றே போதாதா என்பார் உளர். வாசலில் நின்று "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பவர் பானையைப் பார்த்தவரல்லர், உள்ளே களியா கூழா என்று அறியாதவர் பொதுவினையால் கேட்பது தொல்காப்பியருக்கு உடன்பாடே. பானையைப் பார்த்த பிறகும் அதையே சொன்னால் அது சோம்பல். இதைவிட வலுவான மறுப்பு வட ஆற்காட்டுப் பேச்சிலிருந்து வருகிறது: அங்கே சோறு, களி, வடை எல்லாமே 'துன்ன'ப்படுகின்றன. ஆனால் அந்த வாயும் கூழைத் துன்னச் சொல்வதில்லை, குடிக்கவே சொல்கிறது. வகைகள் சில கலந்தனவே தவிர, பாகுபாடு சாகவில்லை. தேனை அடையோடு வாயிலிட்டு மென்று, இனிப்பை விழுங்கி, மெழுகைத் துப்புகிறவருக்கு மட்டும் நம்மிடம் வினை கைவசமில்லை. அவர் பொருட்டு ஆறாம் வகை ஒன்றைக் காலியாக விட்டுவைக்கிறோம்.