மீசைக்குச் சாயம் அடிச்ச டயர்

ஏய்யா பேராண்டி, வேப்ப மரத்தடியில வண்டிய நிப்பாட்டுனியா, இல்ல வண்டிக்கடியில வேப்ப மரத்தை நிப்பாட்டுனியா? கிளை ஒண்ணு முறிஞ்சு கெடக்கு. போகட்டும், ரெண்டு நாளைக்கு வெறகுக்கு ஆச்சுன்னு உங்க அப்பத்தா சொல்லிட்டா. இம்புட்டுப் பெரிய வண்டி நம்ம கான்சாபுரம் தெருவுக்குள்ள நொழைஞ்சு நான் பாக்குறது இது ரெண்டாந்தடவை. மொதத் தடவை வந்தது போர்வெல் லாரி. அது 300 அடி போட்டுட்டு, தண்ணி இல்லைன்னு சொல்லி, துட்டை வாங்கிட்டுப் போயிருச்சு. உன் வண்டி என்ன செய்யக் காத்திருக்கோ.

உள்ள ஏறிப் பாத்தேன். கட்டிலு, அடுப்பு, ஐஸ் பொட்டி, டீவி, கக்கூசு. "வீடே கூட வரும் தாத்தா"ங்கிற. நானும் 32 வருசம் தேங்காயும் மாங்காயும் ஏத்திக்கிட்டு, வண்டியிலேயே ஆக்கித் தின்னு, வண்டியிலேயே தூங்குனவன்தான். அப்ப அதுக்குக் கேரவன்னு யாரும் பேரு வைக்கல. "வீட்டுக்கு அடங்காதவன்"னு வச்சாக.

சென்னையில இருந்து ஆறரை மணி நேரத்துல வந்துட்டேன்னு தெரு முழுக்கச் சொல்லிக்கிட்டு வந்தியாமே. டீக்கடைக்காரரு என்கிட்ட வந்து, "ஒங்க பேரன் பெரிய சூரன்"னாரு. நான் கணக்குப் போட்டேன். சுமார் 530 கிலோமீட்டரை ஆறரையால வகுத்தா, மணிக்கு 80க்கு மேல வருது. டோல்கேட்டுல நின்னது, டீ குடிச்சது, ஒதுங்குனது எல்லாம் சேத்து. அப்ப நடுவுல 110, 120ன்னு விட்டிருக்க. டிரைவர் போக எட்டுப் பேருக்கு மேல ஒக்காருற வண்டி நாலு வழிச் சாலையில 90, சாதாரண ரோட்டுல 60ன்னு 2018ல மத்திய அரசு ஒரு கணக்குப் போட்டுச்சு. அந்த வேகமே ஜாஸ்தின்னு 2021ல சென்னை ஐகோர்ட்டு அந்த உத்தரவை ரத்து பண்ணுச்சு. நீ கவர்மெண்டையும் முந்திட்ட, கோர்ட்டையும் முந்திட்ட. சூரன்தான். சூரனுக்கு வருசா வருசம் என்ன நடக்குதுன்னு திருச்செந்தூர்ல போயிப் பாத்துக்கோ.

இருய்யா, கோவிச்சுக்காத. இளநி சீவச் சொல்லிருக்கேன்.

நம்ம பக்கத்துல இதைவிடப் பெரிய கேரவன் ஒண்ணு இருக்கு தெரியுமா? ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேரு. உள்ள குடியிருக்கிறது ஆண்டாளும் ரெங்கமன்னாரும். ஆடிப்பூரத்தன்னிக்குப் போயிப் பாரு. வடத்தை இழுக்க ஆயிரக்கணக்குல ஆளு. ஆனா என் கண்ணு இழுக்கிறவன் மேல போகாது. சக்கரத்துக்குப் பக்கத்துலயே முட்டுக்கட்டையைத் தூக்கிக்கிட்டு நடப்பாக பாரு சில பேரு, அவுக மேலதான் போகும். எந்த எடத்துல, எந்தச் சக்கரத்துல, எம்புட்டுச் சாச்சுப் போட்டா தேரு திரும்பும், நிக்கும்னு அவுகளுக்குத்தான் தெரியும். நான் சின்னப்பயலா இருக்கையில தேரு நெலைக்கு வந்து சேர நாள்கணக்காகும். "ஆறரை மணி நேரத்துல வந்துட்டேன்"னு ஆண்டாள் ஒரு நாளும் யாருகிட்டயும் சொன்னதில்ல. சாமி மட்டுமில்ல, மனுசனும் ரதத்துல போயிருக்கான். 1982ல என்.டி.ராமாராவ் ஒரு வேனை மாத்திக் கட்டி, சைதன்ய ரதம்னு பேரு வச்சு, ஆந்திரா பூராச் சுத்துனாரு. ஓட்டுனது அவரு மகன் ஹரிகிருஷ்ணா. ரதம்னு பேரு வச்சதால ஊருக்கு ஊரு நின்னு நின்னு போனாக. ஒன் வண்டிக்கும் ரதம்னு பேரு எழுதிருவோமா?

சரி, விசயத்துக்கு வாரேன். காலையில நீ தூங்கிக்கிட்டு இருக்கையில ஒன் டயரைச் சுத்தி வந்தேன். பாத்தா அப்படி ஒரு பளபளப்பு. யாரோ கருப்பு பாலீசு போட்டுத் தொடைச்சு வச்சிருக்கான். பட்டன் எல்லாம் அப்படியே இருக்கு, கொஞ்சம்கூடத் தேயல. "டயர் புதுசு தாத்தா, 28,000 கிலோமீட்டர்தான் ஓடிருக்கு"ன்னு நேத்துப் பீத்துன. நான் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு பக்கவாட்டுல பாத்தேன். ஒரு சின்னக் கட்டத்துக்குள்ள நாலு நம்பரு: 2415. அது என்னன்னு தெரியுமா? 2015ஆம் வருசம், 24ஆவது வாரத்துல பொறந்த டயருன்னு அர்த்தம். மொத ரெண்டு நம்பரு வாரம், கடைசி ரெண்டு வருசம். ஒனக்கு முடி வெட்ட நான் கூட்டிட்டுப் போன காலத்துல பொறந்த டயரு அது.

இந்த வண்டிய எங்க வாங்குன? சினிமா சூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டவருகிட்ட. சூட்டிங் வண்டிக்கு என்ன சோலி? நிக்கிறதுதான் சோலி. நாயகி மேக்கப் போட்டு முடியுற வரைக்கும் வெயில்ல நிக்கும். ஓடுனது கம்மி, அதனால பட்டன் தேயல. ஆனா ரப்பருக்கு வயசு ஓடுறதால மட்டும் ஆகாது, நிக்கிறதாலயும் ஆகும். ஓடுற டயருக்குள்ள இருக்கிற மெழுகு கசிஞ்சு வெளிய வந்து தோலைக் காப்பாத்தும். நின்ன டயர்ல அது வராது. வெயிலும் காத்தும் தின்னு, பக்கவாட்டுல கண்மாய்க் கரை காஞ்ச மாதிரி பொடிப்பொடியா வெடிப்பு விடும். அதுக்கு மேல பாலீசைப் போட்டா? நான் மீசைக்குச் சாயம் அடிச்சுக்கிட்டு ஒன் கூட்டாளிக கல்யாணத்துக்கு வந்தா எப்படி இருக்கும்? போட்டோவுக்கு நல்லாத்தான் இருப்பேன். மாடிப்படி ஏறச் சொன்னாத்தான் தெரியும்.

அஞ்சு வருசம் தாண்டுனா வருசத்துக்கு ஒரு தடவை வெவரம் தெரிஞ்சவன்கிட்டக் காட்டு, பத்து வருசம் ஆயிட்டா எம்புட்டு அழகா இருந்தாலும் கழட்டிருன்னு டயர்க் கம்பெனிக்காரனே சொல்றான். அவன் யாவாரத்துக்குச் சொல்றான்னு நெனைக்காத. இந்த ஒரு விசயத்துல அவன் யாவாரமும் ஒன் உசுரும் ஒரே பக்கம் நிக்குது.

நின்னு கெட்டதுன்னா இன்னொண்ணும் ஞாபகம் வருது. நம்ம ஊர்ப் பேருக்குள்ள ஒரு கான் சாகிபு இருக்காருன்னு பெரியவுக சொல்லுவாக. மருதநாயகம், யூசுப் கான். 1764ல மதுரையில தூக்குல போட்டாக. அவரைப் பத்திப் படம் எடுக்குறேன்னு 1997ல இங்கிலாந்து மகாராணியக் கூப்பிட்டுத் தொடக்கி வச்சாக. அந்த வண்டி இன்னும் ஷெட்டைவிட்டு வெளிய வரல. எங்களுக்கு வருத்தம்தான். ஆனா ஒண்ணு, வராத வண்டி வெடிக்காது.

போனைக் காட்டுன. "இதுல எல்லா டயர்லயும் காத்து எம்புட்டுன்னு தெரியும் தாத்தா"ன்ன. நல்லதுதான்யா. ஆனா அது காத்து எம்புட்டுன்னு சொல்லும், வயசு எம்புட்டுன்னு சொல்லாது. கல்யாணத் தரகரு மாதிரி. நைட்ரஜன் அடிச்சிருக்கேன்னும் சொன்ன. நாம மூச்சு விடுற காத்துல 100க்கு 78 பங்கு அதுதானாம். மிச்சம் 22 பங்குக்கா துட்டுக் குடுத்துட்டு வந்த?

கட்டுக்கம்பி ஒரு துண்டை எடுத்து மடக்கி மடக்கி நிமித்திப் பாரு. மொதல்ல சுடும், அப்புறம் ஒடியும். காத்துக் கொறஞ்ச டயருக்கு நடக்கிறது அதுதான். தரையத் தொடுற எடத்துல மடங்கும், மேல போனா நிமிரும். ஒன் வண்டிச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 400 சுத்துச் சுத்தும். 60ல போனா நிமிசத்துக்கு 400 மடக்கு. 120ல போனா 800. ஆற நேரம் இல்ல. உள்ள சூடு ஏறி ஏறி நூலும் ரப்பரும் ஒண்ணை ஒண்ணு விட்டுப் பிரியும். அப்புறம்தான் "டமார்". ஆணி குத்துன டயரு பெரும்பாலும் அழுதுக்கிட்டே எறங்கும். சூடு ஏறுன டயருதான் சண்டைக்காரப் பொண்டாட்டி மாதிரி, சொல்லாமக் கொள்ளாம ஒரே போடு. இதை ஒங்க அப்பத்தாகிட்டச் சொல்லிராத.

அதனால காத்தைக் காலையில வண்டி கெளம்புறதுக்கு முந்தி பிடி. மத்தியானம் ஓடி நின்னதும் அளந்து பாத்துட்டு, "ஐயோ ஜாஸ்தியா இருக்கு"ன்னு பிடுங்கி விடாத. சூட்டுல கூடத்தான் செய்யும். நீ பிடுங்கி விட்டா, ராத்திரி ஆறுனதும் காத்துப் பத்தாமப் போயிரும். பின்னால ஜோடி டயரு இருக்குல்ல, அதுல உள்பக்கத்து டயரை ஒருத்தரும் பாக்க மாட்டாக. அது தொங்கிப்போயி இருந்தாலும் வெளிப்பக்கத்து டயரு சொமையத் தாங்கிக்கிட்டு மானத்தைக் காப்பாத்தும். கூட்டுக்குடும்பத்துல மூத்த மகன் மாதிரி. கடைசியில ரெண்டும் சேந்து போகும். நாங்க ராத்திரி டீக்குடிக்க நின்னா, கிளீனர் கம்பியை எடுத்து ஒவ்வொரு டயரையும் தட்டிக்கிட்டே வருவான். நல்ல டயரு "டங்"குங்கும். எளச்ச டயரு "பொத்"துங்கும். இப்ப நாக்பூர், மும்பைக்கு நடுவுல 701 கிலோமீட்டருக்கு ஒரு ரோடு போட்டிருக்கான், சம்ருத்தி மார்க்குன்னு. 120ல போகலாமாம். அங்க டயரு வெடிச்சு வெடிச்சு விபத்தானதுனால நொழையிற எடத்துலயே டயரைச் சோதிச்சு, மொட்டை டயரு வண்டியத் திருப்பி அனுப்புனாக. எங்க கிளீனர் கம்பியில செஞ்ச சோலிய அங்க ஆபீசருக செஞ்சாக.

அப்புறம் பாரம். மேல தண்ணித் தொட்டி 300 லிட்டர்ங்கிற. அதாவது ஆறு மூட்டை சிமெண்டு. அதுக்கு மேல ஜெனரேட்டரு, கேஸ் சிலிண்டரு, ஏசி, கட்டிலு. பத்தாததுக்கு நம்ம தோப்புத் தேங்கா 200 ஏத்திக்கிறேங்கிற. எல்லாம் சாமான் வைக்கத் தோதா இருக்குன்னு ஒரே பக்கமாத் தச்சு வச்சிருக்கான் அந்த ஆசாரி. வண்டி எடது பக்கம் சாஞ்சு, என்னை மாதிரி ஒரு கால்ல நிக்குது. ராஜபாளையம் போறப்ப ஒரு எடைமேடையில ஏத்து. முன் சக்கரத்தை மட்டும் ஏத்தி ஒரு எடை, பின் சக்கரத்தை ஏத்தி ஒரு எடை. டயர்ல எழுதியிருக்கிற பாரத்தோட ஒப்பிட்டுப் பாரு. கொஞ்சம் துட்டுதான் வாங்குவான். ஒன் நைட்ரஜனைவிட இது லாபம்.

எனக்கு ஒரு தடவை வெடிச்சிருக்கு. புளியங்குடி தாண்டுனதும், எடது பக்க முன் டயரு. மொதலாளி சிக்கனமா முன் சக்கரத்துக்கே ரீட்ரேடு போட்டிருந்தாரு. நானும் வாயை மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போனேன். சத்தம் கேட்டதும் பதறி பிரேக்கை மிதிச்சேன். அம்புட்டுதான், வண்டி எடது பக்கமா இழுத்துக்கிட்டுப் போயி ஒரு எலுமிச்சந்தோப்புக்குள்ள நின்னுச்சு. எல்லாரும் சக்கரத்துக்கடியில எலுமிச்சம்பழம் வச்சு வண்டிய எடுப்பாக. நான் வண்டியக் கொண்டுபோயி எலுமிச்சம்பழத்துக்கு மேல வச்சேன். தோப்புக்காரரு நல்ல மனுசன். அடிக்கல. பழத்துக்கு மட்டும் ஒண்ணு விடாம எண்ணித் துட்டு வாங்குனாரு.

அன்னிக்கு நான் செஞ்சிருக்க வேண்டியது வேற. பிரேக்கை மிதிக்காம ஸ்டீரிங்கை ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சு, நேரா வச்சு, ஆக்சிலேட்டரை மெல்ல மெல்ல விட்டு, வண்டி தானாத் தளர்ந்ததும் ஓரங்கட்டணும். படிச்ச பிள்ளை ஒனக்கு இது ஒரு நிமிசத்துல புரியும். ஆனா வெடிக்கிற அன்னிக்குக் காலு தன்னால பிரேக்குக்குப் போகும். காலைக் கட்டுப்படுத்த நேரம் வேணும். 60ல போனா ஒரு செகண்டுக்கு 17 மீட்டர் ஓடிருக்கும், 120ல 33 மீட்டர். பிரேக்கு பிடிச்சப்புறம் நிக்கிறதுக்கு வேண்டிய தூரம் ரெட்டிப்பு இல்லய்யா, நாலு மடங்கு. நான் அன்னிக்கு 50ல போனதாலதான் இன்னிக்கு ஒனக்குக் கதை சொல்லிக்கிட்டு இருக்கேன்.

சரி, நீ குத்தாலம் போயிட்டு, அப்படியே ஆரியங்காவு வழியா எறங்கி வாகமனுக்குப் போகணுங்கிற. 2021லேயே கேரளாக்காரன் இந்த மாதிரி வண்டிகளுக்குன்னே திட்டம் போட்டான், அப்புறம் வாகமன்ல நிப்பாட்ட எடமும் கட்டிட்டான். போ, நல்லா இரு. ராஜபாளையத்துல இருந்து தென்காசி சுமார் 60 கிலோமீட்டர். 60ல போனா ஒரு மணி நேரம். 90ல பறந்தா 40 நிமிசம். மிச்சம் பிடிச்ச 20 நிமிசத்துல என்ன செய்வ? குத்தாலத்துல ஆம்பளைக வரிசையில நிப்ப. அதுவும் நடுவுல சேத்தூர், சிவகிரி, வாசுதேவநல்லூர்னு ஊரு ஊரா வருது. ஆடும் மாடும் டவுன் பஸ்ஸும் ஒன்னைய 90ல விட்டுருமா? புளியரை வளைவுல எந்தக் கியர்ல ஏறுவியோ, அந்தப் பக்கம் அதே கியர்ல எறங்கு. பிரேக்கு மேலயே காலை வச்சுக்கிட்டு எறங்குனா டிரம் பழுத்து, அந்தச் சூடு ரிம் வழியா டயருக்கும் ஏறும். கெழட்டு டயருக்கு அது கொள்ளி வைக்கிற மாதிரி.

மொகத்தைத் தூக்கி வச்சுக்காத. நாளான்னிக்கு ராஜபாளையத்துல இருந்து ஆறு டயரும் வந்துரும், சொல்லி வச்சாச்சு. ஸ்டெப்னியும் மாத்தணும், அதுவும் 2415தான். துட்டு? நீ ஒன் அப்பன்கிட்டக் கேளு, அவன் என்கிட்டக் கேப்பான், நான் ஒங்க அப்பத்தாகிட்டக் கேக்கணும். அவகிட்டக் கேக்கலாம்னுதான் இம்புட்டு நேரமாக் கதவைத் தட்டிக்கிட்டு இருக்கேன். காலையில மோர் மிளகாயை வண்டிக் கூரையில காயப்போட்டுட்டு, "சும்மா பாத்துட்டு வாரேன்"னு உள்ள ஏறுனா. ஏசியப் போட்டுட்டுத் தாப்பாளையும் போட்டுட்டா. அந்தச் சன்னல்ல போயி நீ கூப்பிட்டுப் பாரு. என் கொரலுக்கு இன்னிக்குக் கதவு தொறக்காது.