பாக்கி 1080 வராகன்

1959-ல் சிவாஜி கணேசன் ஜாக்சன் துரை முன்னால் முழங்கியதிலிருந்து, கட்டபொம்மன் ஒரு தம்பிடிகூட வரி கட்டாதவர் என்பது தமிழ்நாட்டின் முடிவு. பள்ளி ஆண்டு விழா என்றால் ஒட்டு மீசையோடு ஒரு பையன் மேடையேறி, மஞ்சள் அரைக்கும் விவகாரத்தைக் கிளப்பியே தீருவான். மீசை பாதியில் கழன்றாலும் வசனம் நிற்காது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கேடு சொல்வது வேறு. 1798 மே கடைசியில் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சி வைத்திருந்த பாக்கி 3310 வராகன். அதே ஆண்டு செப்டம்பரில் ஏட்டைப் புரட்டியபோது மிச்சம் 1080. மூன்றில் இரண்டு பங்கு கட்டியாகிவிட்டது. வசனம் எழுதுகிறவர் பாவம், என்ன செய்வார்? ‘முக்கால்வாசி அடைத்துவிட்டேன், மீதிக்கு இரண்டு தவணை கொடுங்கள்’ என்று கர்ஜிக்க வைக்க முடியுமா?

இந்த வில்லங்கத்தின் வேர் பாஞ்சாலங்குறிச்சியில் இல்லை, சேப்பாக்கத்தில் இருக்கிறது. ஆற்காட்டு நவாப் முகமது அலி அங்கே அரண்மனை கட்டிக்கொண்டு கடன் வாங்கினார். யாரிடம்? கம்பெனியின் குமாஸ்தாக்களிடமே. கட்டடம் கட்டும் வேலைக்கு மதராசுக்கு வந்த பால் பென்ஃபீல்டு என்பவர், செங்கல்லைவிட வட்டி வேகமாக உயரும் என்று கண்டுகொண்டு, நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களில் பெரும்புள்ளியானார். 1785-ல் லண்டன் பார்லிமென்டில் எட்மண்ட் பர்க் இந்தக் கடனைப் பற்றியே ஒரு நீண்ட சொற்பொழிவு ஆற்ற வேண்டி வந்தது.

பனியன் கம்பெனிக்காரர் ஒருவர் மூழ்கிப்போய், வர வேண்டிய பாக்கியை வசூலிக்கும் உரிமையை ஃபைனான்ஸ்காரரிடம் எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? நேற்றுவரை ‘அடுத்த வாரம் தர்றனுங்க’ என்றால் காபி வாங்கிக் கொடுத்தவர் போய், வாசலில் பைக்கை நிறுத்தும் ஆட்கள் வருவார்கள். 1792-ல் பாளையக்காரர்களுக்கு நடந்தது இதுதான். நவாப் பெயரில் கப்பம் வசூலிக்கும் அதிகாரம் கம்பெனிக்குப் போயிற்று. நவாபுக்கு மழை பெய்தால் கொஞ்சம், பெய்யாவிட்டால் ஒரு கும்பிடு என்று காலம் தள்ளியவர்களுக்கு, தேதி போட்ட கடிதங்கள் வர ஆரம்பித்தன.

அந்த ஒப்பந்தம் போடப்பட்டபோது கவர்னர் ஜெனரல் யார் தெரியுமா? கார்ன்வாலிஸ் பிரபு. 1773-ல் பாஸ்டன் துறைமுகத்தில் இதே கம்பெனியின் தேயிலை 342 பெட்டியைக் கடலில் கொட்டிய வரிச்சண்டை, போராக முற்றி, 1781-ல் யார்க்டவுனில் இவர் படையோடு சரணடைவதில் முடிந்தது. கத்தியை ஒப்படைக்கும் சடங்குக்குக்கூட உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு உதவியாளரை அனுப்பினார். வரியால் ஒரு கண்டத்தையே இழந்த போரில் தோற்றவரை இன்னொரு கண்டத்துக்கு அனுப்பி வரி வசூலைக் கவனிக்கச் சொன்னார்கள். அரசு உத்தியோகத்தில் தோல்வி என்பது பெரும்பாலும் இடமாற்றம்தான்.

சரி, கலெக்டர் ஜாக்சன். இராமநாதபுரத்தில் வந்து பார் என்று 1798 ஆகஸ்டில் கட்டபொம்மனுக்கு ஓலை அனுப்பிவிட்டு, துரை சுற்றுப்பயணம் கிளம்பிவிட்டார். கட்டபொம்மன் குற்றாலம் போனார். பார்க்க முடியாது என்றார்கள். ஆவணிச் சாரலில் துரை குற்றாலத்துக்குப் போனது வசூல் நிமித்தம்தான் என்று நம்புவோம். அங்கிருந்து சொக்கம்பட்டி, சிவகிரி, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர் ஊராகத் துரை முன்னே, பாளையக்காரர் பின்னே. 23 நாள், சுமார் 400 மைல். ஒரு கையெழுத்துக்காகத் தாலுகா ஆபீஸில் ‘ஐயா கேம்ப் போயிருக்கார்’ என்று கேட்டுக் கேட்டுத் திரும்பியவர்கள் எல்லோரும் கட்டபொம்மன் வாரிசுகள்தான்.

கடைசியில் இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் தரிசனம் கிடைத்தது. நாற்காலி மட்டும் கிடைக்கவில்லை. மூன்று மணி நேரம் நிற்க வைத்தே கணக்குப் பார்த்தார் ஜாக்சன். பாக்கி 1080-தான் என்று தெரிந்த பிறகும் வெளியே விடுகிற உத்தேசம் இல்லை. கைகலப்பு, லெப்டினன்ட் கிளார்க் செத்தார், அமைச்சர் சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார், கட்டபொம்மன் தப்பினார். மதராசில் விசாரணை வைத்து, தப்பு ஜாக்சன் மேல்தான் என்று வேலையைவிட்டே தூக்கினார்கள். கதை அங்கேயே முடிந்திருக்கலாம். ஒரு நாற்காலி போட்டிருந்தால் 1080 வராகன் வசூலாகியிருக்கும் என்பது என் கட்சி.

ஆனால் அடுத்து வந்த லூஷிங்டனும் அதே பாட்டைத்தான் பாடினார். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பீரங்கியோடு வந்தார். கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமான் பிடித்துக் கொடுத்தார். அக்டோபர் 16, கயத்தாறு, புளியமரம், தூக்கு.

படம் அங்கே முடிகிறது. எங்கள் பக்கத்துக் கதை அதற்குப் பிறகுதான் சூடு பிடிக்கிறது. அதே 1799-ல் திப்பு விழுந்து, கோயம்புத்தூர்ச் சீமை கம்பெனி கைக்கு வந்திருந்தது. உடுமலையிலிருந்து பழனி தாண்டிப் போனால் வருகிற விருப்பாட்சியில் கோபால நாயக்கர் ஆள் திரட்டினார். 1800 ஜூன் 3-ல் கோவைக் கோட்டையைப் பிடிப்பதாகத் திட்டம். விஷயம் முன்கூட்டியே கசிந்து, பிடிபட்டவர்களில் 42 பேரைத் தூக்கிலிட்டார்கள். திருமூர்த்தி மலையடியில் தளிப் பாளையக்காரர் எத்தலப்பர், சரணடையச் சொல்ல வந்த கம்பெனித் தூதனையே தொங்கவிட்டார் என்பது எங்கள் ஊர்ச்சொல். தூக்குமரத் தோட்டம் என்று இடத்தைக்கூடக் காட்டுவார்கள். ஆதாரம் கேட்டால் காட்டுகிறவருக்குக் கோபம் வரும், நான் கேட்பதில்லை.

காங்கயம் பக்கத்துத் தீர்த்தகிரி இதற்கெல்லாம் முன்னோடி. மைசூருக்குப் போன வரிப்பணத்தை மடக்கிப் பிடுங்கி, ‘சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பறித்தான்’ என்று சொல்லி அனுப்பினாராம். பணத்தை எடுத்துக்கொண்டு ரசீதும் கொடுத்த ஒரே போராளி இவராகத்தான் இருக்கும். பிறகு அதே மைசூரின் திப்புவுக்குத் துணை நின்று கம்பெனியோடு மோதி, 1805-ல் சங்ககிரியில் தூக்கு. இன்றும் ஆடிப் பதினெட்டுக்குச் சங்ககிரியில் கூட்டம் தாங்காது.

குடியானவனை யாரும் கேட்கவில்லை. பாளையக்காரரும் தருமச் சத்திரம் நடத்தவில்லை. நிலவரி போக, காவல் வரி என்று தனியாக வாங்கிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவரைத் தேரோட்டத்தில் நேரில் பார்த்துத் திட்டலாம். லண்டன் பங்குதாரரை எந்தத் தேரில் பார்ப்பது? 1801 ஜூன் 16-ல் சிவகங்கை மருது சகோதரர்கள் திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டிய பிரகடனம், வராகன் கணக்கையெல்லாம் தாண்டி, ஜம்புத் தீபத்தில் உள்ள அத்தனை சாதி மனிதரையும் ஒன்று சேரச் சொன்னது. அக்டோபர் 24-ல் அவர்களும் திருப்பத்தூரில் தூக்கில். பாஞ்சாலங்குறிச்சியை இடித்துத் தள்ளி, உழுது ஆமணக்கு விதைத்து, ஊர்ப் பெயரையே பதிவேட்டிலிருந்து எடுத்தார்கள். பாக்கிதாரரும் இல்லை, ஊரும் இல்லை. அந்த 1080-ஐ எந்தக் கணக்கில் எழுதி முடித்தார்களோ.

இப்படித் துப்புரவாக வசூலித்த கம்பெனியின் கோவைக் கஜானாவுக்குக் காசிச் செட்டி என்று ஒரு பொக்கிஷதார் இருந்தார். கலெக்டர் காரோவின் மூக்குக்குக் கீழேயே அவர் அள்ளியதை விசாரிக்க, 1816-ல் தாமஸ் மன்றோவையும் ஜான் சலிவனையும் அனுப்பினார்கள். பீரங்கி அனுப்பவில்லை. சாட்சிகளைக்கூட நிற்க வைத்தார்களா, உட்கார வைத்தார்களா என்பதுதான் என் சந்தேகம்.