தொட்டில் கட்டியவர் யார்?

கேள்வி: அமெரிக்காவில் அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் சார்ட்டர் பள்ளிகளை ஆசிரியர் சங்கங்கள் எதிர்ப்பது பயத்தாலா?

பதில்: அந்தப் பிள்ளைக்குத் தொட்டில் கட்டியதே ஒரு சங்கத் தலைவர்தான்! ஆசிரியர்கள் புதுமுறைகளைச் சோதித்துப் பார்க்கும் பள்ளிகள் வேண்டும் என்று 1988-ல் கேட்டவர் ஆல்பர்ட் ஷாங்கர். 1991-ல் மின்னசோட்டா முதல் சட்டம் போட்டது. பிறகு தொட்டிலை ஆட்டும் கை மாறியது. பெரும்பாலான சார்ட்டர் பள்ளிகளில் சங்கத்துக்கே இடமில்லாமல் போனது. சண்டைக்கு வேர் அங்கேதான்.

தரமா? ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் 2009 ஆய்வில், கணிதத்தில் வழக்கமான அரசுப் பள்ளிகளை முந்தியவை 17 சதவீதமே; பின்தங்கியவை 37. அதன் 2023 ஆய்வில் சார்ட்டர் மாணவர்கள் சராசரியாகச் சற்று முன்னே, நல்ல செய்தி. இணையவழிப் பள்ளிகள் மட்டும் படுமோசம்.

சங்கம் நுழைந்த சார்ட்டர் பள்ளிகளும் உண்டு. 2018 டிசம்பரில் சிகாகோவில் அத்தகைய பள்ளிகளின் ஆசிரியர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். கேட்டது ஊதிய உயர்வு மட்டுமல்ல, வகுப்பில் மாணவர் கூட்டத்தைக் குறைப்பதும்தான். இரண்டையும் வென்றார்கள்.