64 ஜிபி அண்ணன்

வீட்டில் காய்ச்சல் என்று வாய்விட்டுச் சொன்னால் கஷாயம் சொல்ல நாலு பேர் வருவார்கள். 'பையனுக்கு கேமிங் பிசி வாங்கலாம்னு...' என்று பாதி வாக்கியத்தில் நிறுத்தினால் ஒரே ஒருவர்தான் வருவார், ஆனால் நாலு பேர் பேச்சையும் அவரே பேசிவிடுவார். எங்கள் தெருப் பையன்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் ஜிபி அண்ணன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

அடையாளம் சொல்கிறேன். விவரம் தெரிந்த யாரும் 'பையன் என்ன கேம் ஆடுவான்?' என்று கேட்பார்கள். அண்ணன் அதைக் கேட்கவே மாட்டார். 'எத்தனை ஜிபி ரேம் போடப் போறீங்க?' என்பதுதான் முதல் கேள்வி. 8 என்று சொன்னால் துக்கம் கேட்க வந்தவர் மாதிரி தலையை ஆட்டுவார். "எட்டுல விண்டோஸ் எந்திரிக்கும் சார். எந்திரிச்சு உக்காந்துக்கும், அவ்வளவுதான்." 16 என்றால், "இன்னிக்கு ஓடும்" என்பார். அந்த 'இன்னிக்கு'வில் ஐசியூ வாசலில் நிற்கும் டாக்டரின் அழுத்தம் இருக்கும். 32 என்றால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். காபி வந்ததும், "இன்னும் ரெண்டு ஸ்லாட் சும்மாதானே சார் இருக்கும்?" என்று ஆரம்பிப்பார்.

ரேம் என்றால் என்னவென்று எனக்குப் புரிய வைத்தவர் அவர்தான் என்பதை மறைக்கக் கூடாது. "கல்யாணப் பந்தி சார். எஸ்எஸ்டிதான் உக்கிராண ரூம். ரேம், இலை. உக்கிராணத்துல ஆயிரம் பேர் சோறு இருக்கட்டும், இலைக்கு வந்தாத்தானே கை வைக்க முடியும்? இலை சின்னதா இருந்தா, பொரியலை எடுத்து உள்ள வச்சுட்டு வந்துதான் கூட்டு வைக்கணும். அந்த ஓட்டத்துலதான் கேம் திக்கித் திக்கி நிக்குது." 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காகப் போடாமல் இரண்டு எட்டாகப் போடுவது ஏன் என்பதற்கும் அதே பந்தியில் பதில் வைத்திருந்தார்: ஒரு வாளிக்காரருக்கு இரண்டு வாளிக்காரர். அவர்களும் கண்ட இடத்தில் நிற்கக் கூடாது. நாலு ஸ்லாட்டில் இரண்டாவதும் நாலாவதும்தான் பெரும்பாலான போர்டுகளில் அவர்கள் இடம்.

உவமை இவ்வளவு பொருத்தமாக இருக்கிறதே என்று நானும் பந்தியில் உட்கார்ந்துவிட்டேன். "அப்படின்னா ஒரு ஆள் சாப்பிடற அளவைத் தாண்டி இலை பெருசா இருந்தா, சோறு கூட இறங்குமா?"

சற்று நேரம் என்னைப் பார்த்தார். "இலை பெருசா இருந்தா ஒரு மரியாதை சார்."

அவருடைய பஞ்சாங்கம் கேம் கம்பெனிகள் போடும் தேவைப் பட்டியல். அதில் பல கேம்களுக்குக் குறைந்தபட்சம், பரிந்துரை என்று இரண்டு வரிதான் இருக்கும். மைக்ரோசாஃப்ட்டின் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு மூன்று. 2020-இல் வந்ததற்கு 8, 16, 32 ஜிபி. 2024-இல் வந்ததற்கு 16, 32, 64. அண்ணன் இதை அதமம், மத்திமம், உத்தமம் என்றே படிப்பார். உத்தமம் இருக்கும்போது மத்திமத்தில் யாராவது முகூர்த்தம் வைப்பார்களா? 64 போட்டார். அவர் அந்த விமானத்தை ஒரே ஒரு முறை மீனம்பாக்கத்திலிருந்து கிளப்பி, கடலில் இறக்கியதோடு சரி. இப்போது அந்தக் கணினியில் அவர் விரும்பி ஆடுவது டாஸ்க் மேனேஜர். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து, லுங்கி மாற்றி, அதைத் திறந்து வைத்துக்கொள்வார். '64-இல் 9 ஓடுகிறது.' பாஸ்புக் என்ட்ரி போட்டுக்கொண்டு வந்தவர் முகத்தில் இருக்கும் நிறைவு அது.

இந்தப் பசி எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு பூர்வகதை உண்டு. 2003-இல் ஜிடிஏ வைஸ் சிட்டி கேம் கணினிக்கு வந்தபோது அதற்கு வேண்டியிருந்தது 128 எம்பி. அவர் வீட்டுக் கணினியில் சரியாக அதுதான் இருந்தது. "128-ல வைஸ் சிட்டி ஆடினவன் சார் நான்" என்பார், பத்து மைல் நடந்து பள்ளிக்கூடம் போன தாத்தாவின் குரலில். 2015-இல் கணினிக்கு வந்த ஜிடிஏ ஐந்து கேட்டது, குறைந்தபட்சம் 4 ஜிபி. பன்னிரண்டு வருஷத்தில் 32 மடங்கு! அவர் சம்பளம் அப்படி ஏறவில்லை. அதே கணக்கில் போனால் 2027-இல் 128 ஜிபி வேண்டும் என்று எங்களை எச்சரித்தும் இருக்கிறார். எம்பியில் தொடங்கிய 128, ஜிபியில் வந்து நிற்கும் அழகுக்காகவே அது நடந்தாலும் நடக்கலாம்.

நடுவில் ஒரு அவமானம். 32 பிட் விண்டோஸ் 7 இருந்த கணினியில், ரிச்சி தெருவில் வாங்கிய 8 ஜிபியைப் போட்டார். திரை 8 என்று ஒப்புக்கொண்டு, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் பயன்படுவது 3.25 என்றது. 32 பிட் விண்டோஸ் 7 நாலு ஜிபிக்கு மேல் தொடாது. அதிலும் கொஞ்சம் மற்ற பாகங்களின் முகவரிக்குப் போய்விடும். இது தெரியாமல் மவுண்ட் ரோடு வரை பஸ் ஏறிப் போய், மீதி நாலே முக்கால் ஜிபி எங்கே என்று கடைக்காரரிடம் சண்டை போட்டிருக்கிறார். இதை அவர் சொல்ல மாட்டார். அவர் அம்மா சொன்னார்.

ரேமில் விளக்கு எரிய ஆரம்பித்த பிறகு அண்ணனுக்குப் பக்தியும் சேர்ந்துகொண்டது. காலி ஸ்லாட் இருட்டாகத் தெரிகிறதே என்று வருந்துபவர்களுக்காக, உள்ளே நினைவகமே இல்லாமல் விளக்கு மட்டும் எரியும் போலி ஸ்டிக்குகளைக் கோர்செய்ர் கம்பெனி விற்றது. கதையல்ல, நிஜம். கொலுப்படியில் இடம் காலியாக இருந்தால் செட்டியார் பொம்மை ஒன்று கூட வைப்பதில்லையா? அண்ணன் மட்டும் அதை ஏற்கவில்லை. "அது மோசடி சார். எரியறதுன்னா ஜிபியோட எரியணும்."

2025 கடைசியில் அவருக்குச் சுக்கிர தசை. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் நினைவகச் சில்லுகளை அள்ள, சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்று கம்பெனிகளும் அந்தப் பக்கம் திரும்ப, கடையில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. டிசம்பரில் மைக்ரான் தன் குரூஷியல் ரேம் வியாபாரத்தையே கைவிடுவதாக அறிவித்தது. முன்பே 64 வாங்கிப் போட்டிருந்த அண்ணன், ஆடிப்பெருக்குக்கு நகை வாங்கி வைத்தவர் போலத் தெருவில் நடந்தார். அன்று திட்டிய மனைவியிடம் விலையைக் காட்டினாராம். "அப்படியா? அடகுக் கடையில இதுக்குச் சவரனுக்கு எவ்வளவு தருவாங்கன்னு கேட்டுட்டு வாங்க" என்றாராம் அந்த அம்மாள்.

இவ்வளவு சொல்கிறேனே தவிர, ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு நாள் எங்கள் பழைய கணினி 'பீப் பீப்' என்று அலறித் திரை கறுத்தபோது அவர்தான் வந்தார். ரேமைக் கழற்றினார். பையனின் ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து ரப்பரை வாங்கி, அந்தத் தங்க நிறப் பற்களைக் கோயில் விளக்கு துலக்குவது போல் தேய்த்தார், ஊதினார், மாட்டினார். கணினி எழுந்துவிட்டது. காசு கேட்கவில்லை. மோர் மட்டும் குடித்தார்.

அந்த நன்றியில்தான் பையனின் புதுக் கணினியை அவர் கையில் விட்டேன். 32 ஜிபி, இரண்டு பதினாறாக. பயாஸில் எக்ஸ்எம்பியைத் தட்டிவிட்டு, ரேமைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போனார். பையன் கேமைத் திறந்தான். படம் நகர்ந்தது, தேரை நிலையிலிருந்து பெயர்ப்பது போல. மறுநாள் அண்ணன் வந்து பார்த்தார். "நான் அப்பவே சொன்னேனே சார். பத்தல. 64 போட்டுடலாம்." அன்றைய விலையைச் சொன்னார். எனக்கு வியர்த்தது.

மேஜைக்குப் பின்னால் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்த என் மனைவி எட்டிப் பார்த்தாள். "ஏங்க, நாப்பதாயிரம் குடுத்து ஏதோ கிராபிக்ஸ் கார்டு வாங்கினோம்னீங்களே, அது இந்தக் கீழே இருக்கறதா? இதோட பிளாஸ்டிக் மூடியையே இன்னும் கழட்டலையே? மானிட்டர் ஒயர் மேல வேற எதிலயோ சொருகியிருக்கு."

மேலே இருந்தது மதர்போர்டின் வாய். நாற்பதாயிரம் ரூபாய் கார்டு வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்க, பிராசஸரோடு ஒட்டிப் பிறந்த சின்ன கிராபிக்ஸ், எங்கள் ரேமிலேயே கொஞ்சம் கடன் வாங்கி, மூச்சு வாங்க அவ்வளவு வேலையையும் இழுத்திருக்கிறது. பையன் மூடியைக் கழற்றி ஒயரை மாற்றினான். படம் வெண்ணெயாக வழுக்கியது.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கண்ணாடிப் பக்கமாகக் குனிந்து, இருட்டாக இருந்த அந்த இரண்டு ஸ்லாட்டையும் பார்த்தார்.

"அக்கா சொன்னது சரிதான் சார். ஆனா இப்போ 64 போட்டா இன்னும் நல்லா இருக்கும்."