பாம்பன் காற்றில் தட்டு தேய்ப்பது எப்படி?

முதலில் நாள் குறியுங்கள். ஏப்ரல் 15 நல்ல நாள். அன்றிலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடக்கும், வீட்டு ஆண்கள் அத்தனை பேரும் சும்மா இருப்பார்கள், கூட ஒருவராக நீங்களும் சும்மா இருப்பது யார் கண்ணையும் உறுத்தாது. “டிஜே ஆகப் போறேன், தட்டு தேய்க்கப் பழகப் போறேன்” என்று அப்பாவிடம் சொல்லவும் அதுவே தோதான சமயம். அவர் வலையைச் சரிபார்த்துக்கொண்டிருப்பார். கையில் ஊசிதான் இருக்கும், துடுப்பு இருக்காது.

அவர் டிஜே என்றதும் வேறு எதையோ நினைத்துச் சம்மதித்துவிடக்கூடும், ஜாக்கிரதை. இராமநாதபுரம் சீமையில் டிஜே என்றால் வண்டி நிறைய பேஸ் பாக்ஸ், கலர் லைட், புகை மிஷின், ஒரு லேப்டாப். இசைத்தட்டைத் தேய்க்கும் ஸ்க்ராட்ச் சத்தமும் அந்த லேப்டாப்பில் ஒரு பட்டனாக இருக்கிறது. அமுக்கினால் ‘விக்கி விக்கி’ என்று வரும். அந்தப் பட்டனை நேரம் பார்த்து அமுக்கத் தெரிந்தவர் முகூர்த்த மாதங்களில் நன்றாகவே சம்பாதிக்கிறார். அதையே நீங்கள் கையால் செய்ய வருஷக்கணக்கில் பழகப் போகிறீர்கள். இதிலுள்ள லாப நஷ்டத்தை நான் விளக்கப் போவதில்லை.

தல புராணம் தெரியாமல் எந்தக் கலையிலும் இறங்கக்கூடாது. ஜமைக்கா தீவிலிருந்து நியூயார்க்கின் பிராங்க்ஸுக்குக் குடிபோன குடும்பம் ஒன்று. அந்த வீட்டுப் பையன், பின்னால் கூல் ஹெர்க் என்று பெயர் வாங்கியவர், 1973 ஆகஸ்ட் 11 அன்று தங்கை வைத்த விருந்தில் இரண்டு டர்ன்டேபிள் வைத்து, பாட்டில் தாளம் மட்டும் ஓடுகிற இடத்தை மறுபடி மறுபடி போட்டு நீட்டினார். ஜமைக்காவில் தெருவில் பெரிய பெரிய பாக்ஸை அடுக்கி ரெக்கார்டு போடும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. தீவுக்காரர்களுக்குச் சத்தம் கொஞ்சம் கூடத்தான் வேண்டும், கடலோடு போட்டி போட வேண்டியிருக்கிறதே. அதே பிராங்க்ஸில் 1975 வாக்கில் தியடோர் லிவிங்ஸ்டன் என்ற சின்னப் பையன், பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும், அறைக்குள் பாட்டை அலறவிட்டிருக்கிறான். அம்மா வந்து திட்டியிருக்கிறார். அவர் பேசி முடிக்கும்வரை தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டு நின்றவனுக்கு அந்த ஓசை பிடித்துப்போயிற்று. இன்று உலகம் அவரை கிராண்ட் விசார்ட் தியடோர் என்று கொண்டாடுகிறது.

ஆக, பயிற்சிக்கு வேண்டிய முதல் சாமான் திட்டுகிற அம்மா. நம் கரையில் அதற்குத் தட்டுப்பாடே இல்லை. ஆனால் பிராங்க்ஸ் அம்மா திட்டியபோது ஒரு கலை பிறந்தது. தங்கச்சிமடத்தில் “அதை அமத்திட்டுப் போய் ரேஷன் கடை வரிசையில நில்லுடா” என்று வரும். நீங்கள் வரிசையில் நிற்பீர்கள், கலை வீட்டில் நிற்கும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. 1977 ஜூலை 13 இரவு நியூயார்க்கில் மின்சாரம் போயிற்று, கடைகள் சூறையாடப்பட்டன. விடிந்து பார்த்தால் ஊரில் டிஜேக்கள் திடீரென்று பெருகியிருந்தார்கள் என்று அந்தக் காலத்து ஆட்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இங்கே கரண்ட் போனதால் உருவானவர்கள் எல்லாம் ஜெனரேட்டர் வாடகைக்காரர்கள்.

சரி, சாமான். டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 என்று ஒரு டர்ன்டேபிள். ஜப்பானின் மட்சுஷிதா கம்பெனி 1972இல், வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் கனவான்களுக்காகச் செய்தது. பெல்ட் கிடையாது, மோட்டாரே நேராகத் தட்டைச் சுற்றும். 1979இல் வந்த அடுத்த வடிவம் 0.7 வினாடியில் முழு வேகம் பிடிக்கும். கையால் இழுத்தாலும் நிறுத்தினாலும் மோட்டார் கோபித்துக்கொள்ளாது. 2010இல் நிறுத்தி, 2016இல் மறுபடி ஆரம்பித்தார்கள். விலை லட்சத்துக்கு மேல். அதில் இரண்டு வேண்டும், ஒன்று தேய்க்க, ஒன்று தாளத்துக்கு. நடுவில் ஒரு மிக்சர். நாட்டுப்படகுக்கு மாட்டும் எஞ்சினின் விலையோடு இதை நீங்களாக ஒப்பிட்டுப் பேச வேண்டாம். வீட்டில் ஒப்பிடுவார்கள்.

பணமில்லாதவர்கள் பரணில் கிடக்கும் தாத்தா காலத்து கேரர்ட் சேஞ்சரை இறக்குவார்கள். பழகலாம், பொறுமையைப் பழகலாம். அதன் தட்டை ஒரு ரப்பர் சக்கரம் உரசிச் சுற்றுகிறது. நீங்கள் கை வைத்ததும் மோட்டார் முனகும், பின்னால் தள்ளினால் ரப்பர் தேயும். முள்ளைத் தட்டின் கடைசிப் பக்கம் கொண்டுபோனால், பாட்டு முடிந்தது என்று அதுவாகவே முடிவு செய்து கையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். நீங்கள் காற்றைத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

தட்டுக்கும் சுழலும் பீடத்துக்கும் நடுவில் வழுக்கும் துணி ஒன்று அவசியம். மேலே தட்டைப் பிடித்து நிறுத்தினாலும் கீழே பீடம் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும், விட்டதும் தட்டு வேகம் பிடிக்க வேண்டும். பிராங்க்ஸ் டிஜே கிராண்ட் மாஸ்டர் ஃப்ளாஷ் இதற்காகத் தையல் வேலை தெரிந்த அம்மாவின் உதவியோடு ஃபெல்ட் துணிக்குக் கஞ்சி ஏற்றி, இஸ்திரி போட்டு விறைப்பாக்கினார். நம் வீட்டில் கஞ்சி இருக்கிறது, இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. திருவிழா வேட்டிக்கு எடுத்து வைத்த கஞ்சியில் கை வைக்காதீர்கள்.

இனி, காற்று. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். இரண்டு மூன்று கிராம் அழுத்தத்தில் தட்டின்மேல் நிற்கும் முள் எம்மாத்திரம்? ஜன்னலைச் சாத்துங்கள். சாத்தினால் வேர்க்கும். ஃபேன் போட்டால் மறுபடி காற்று. மணலைப் பற்றிப் பயம் வேண்டாம், அது தட்டின் பள்ளத்துக்குள் போகவே போகாது, பள்ளம் தலைமுடித் தடிமன்தான், மணல் அதைவிடப் பெரிசு. மேலே உட்கார்ந்துகொண்டு முள் வரும்போது தூக்கி எறியும், அவ்வளவுதான். உப்புக் காற்று அப்படி வெளிப்படையாக வேலை செய்யாது. முள் மாட்டும் பின்னில், மிக்சரில் சத்தத்தைத் திறந்து மூடும் கிராஸ்ஃபேடரின் உள்தகட்டில் பச்சை பூக்க வைத்து, கல்யாண மேடையில் ஒரு பக்கத்துச் சத்தத்தை மட்டும் நிறுத்தும்.

வித்தைக்கு வருவோம். 33⅓ சுற்றுத் தட்டு ஒரு சுற்றுக்கு 1.8 வினாடி எடுக்கும். தேய்க்க வேண்டிய ஓசை எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கே தட்டின் நடுக் காகிதத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள், கண் அதைப் பார்த்தால் கை தானாகத் திரும்பிவிடும். முள்ளுக்கடியில் பள்ளம் நகர்ந்தால்தான் ஓசை. வேகமாக நகர்த்தினால் சுருதி ஏறும், மெதுவாக என்றால் இறங்கும், நின்றால் மௌனம். இவ்வளவுதான் பௌதிகம். மிச்சமெல்லாம் லயம், அதற்கு ஆங்கில வீடியோ எதுவும் வேண்டாம், சொல்கட்டு போதும். முன்னே ஒரு தள்ளு, பின்னே ஒரு இழுப்பு: ‘தக’. இதற்கு பேபி என்று பெயர், குழந்தைப் பாடம். இழுப்பை நடுவில் ஒரு கணம் நிறுத்தி இரண்டாக உடைத்தால் ‘தகிட’, அது டேர். இடது கை தட்டை ஒரே சீராக இழுத்துக்கொண்டிருக்க, வலது கை ஃபேடரைத் திறந்து மூடித் திறந்து மூடி நறுக்கினால் டிரான்ஸ்ஃபார்மர். அதன் பிறகு கிராப். சான் பிரான்சிஸ்கோ பக்கத்துப் பிலிப்பினோ வம்சாவளிக்காரர் டிஜே க்யூபர்ட் பிரபலமாக்கியது. கட்டைவிரல் ஒரு பக்கம் ஃபேடரைத் தாங்கிப் பிடிக்க, மற்ற நான்கு விரலும் ஒன்றன்பின் ஒன்றாக அதைத் தட்டிவிட்டுப் போகும்: ‘தகதிமி’. நண்டு விரல்களை நினைத்தே அந்தப் பெயர். நீலக்கால் நண்டை ஏற்றுமதிக்கு அனுப்பும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. தவில்காரர் வீட்டுப் பையன் யாராவது பக்கத்தில் இருந்தால் கிராப் பழகாதீர்கள். அவன் பார்த்த முதல் நாளே செய்துவிடுவான்.

எந்த ஓசையைத் தேய்ப்பது? உலகம் பூரா தேய்ப்பது 1982இல் வந்த ‘சேஞ்ச் த பீட்’ தட்டின் கடைசியில் வரும் இயந்திரக் குரலின் ‘ஆ’வை. நாம் ஏன் அதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? விடிகாலையில் மீன் இறங்குகிற இடத்துக்குப் போய் ஏலத்தைக் கேளுங்கள். ஏலக்காரர் கூடையைப் பார்ப்பதில்லை, வாங்குகிறவர் புருவத்தைப் பார்க்கிறார். “எண்ணூறு எண்ணூறு எண்ணூத்தம்பது… ஒரு தரம்… ஒரு தரம்…” ‘தரம்’ என்பதில் ‘ர’வை விழுங்கி, ‘த’வில் ஒரு வெட்டு வெட்டி, இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவில் மூச்சுவிடாமல் ஒரு இடைவெளி வைப்பார். அந்த இடைவெளியில்தான் ஐம்பது ரூபாய் ஏறும். ஃபேடர் எப்போது மூட வேண்டும் என்று அவரைவிட நன்றாக யாரும் சொல்லித்தர முடியாது. பதிவுசெய்து கொண்டுவந்து லேப்டாப்பில் போடுங்கள். 2004இல் வந்த செராட்டோ மென்பொருள் இருந்தால், நேரக்குறி மட்டும் பதிந்த ஒரு தட்டைத் தேய்த்தால் லேப்டாப்பில் உள்ள எந்த ஓசையும் கைக்கேற்ப ஆடும். கூடைக்காரம்மாவின் வசவும் சேர்ந்து பதிவாகியிருக்கும், அதை வெட்டிவிடாதீர்கள்.

குரு வேண்டும். ஊருக்கு ஒரு பழைய ரேடியோ செட்டுக்காரர் இருப்பார். தகரப் பெட்டியில் இசைத்தட்டுகள், ஆஹுஜா ஆம்ப், மூலையில் துருப்பிடித்த புனல் ஸ்பீக்கர் இரண்டு. அவர் தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிப்பதைப் பாருங்கள். பள்ளங்களின் மினுக்கு எங்கே மாறுகிறது என்று பார்த்து, மேளம் எங்கே ஓங்குகிறது, குரல் எங்கே தனியாக வருகிறது என்று முள் வைக்காமலே சொல்வார். பிராங்க்ஸ்காரர்களும் இப்படித்தான் தட்டைப் படித்தார்கள். தாலி கட்டும் நேரத்தில் அவர் கண் பாட்டில் இருக்காது, ஐயர் கையில் இருக்கும். கை உயர்ந்ததும் சுண்டுவிரலால் முள்ளைத் தூக்குவார், அந்த நொடியில் கெட்டிமேளம் விழும். பல்லவி பாதியில் அறுந்தது யாருக்கும் தெரியாது. இப்போதைய லேப்டாப்காரர்களில் அந்த வெட்டைச் செய்யக்கூடிய ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அவர் முன்னால் தட்டில் கை வைத்துவிடாதீர்கள். “கொழும்பு ரேடியோக்காரன் ஒரு நாளாவது தட்டுல கை வச்சிருப்பானா?” என்று ஆரம்பித்து இரவு வந்துவிடும். பொறுத்துக் கேளுங்கள், விஷயம் இருக்கிறது. பி.வி. கேஸ்கர் ஒலிபரப்பு மந்திரியாக இருந்த ஐம்பதுகளில் அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கி வைத்தது. 1957இல் விவித் பாரதி வந்த பிறகும் இந்தக் கரை இலங்கை வானொலியை விடவில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் சுமார் முப்பது கிலோமீட்டர் கடல்தான், மெட்ராஸைவிடக் கொழும்பு தெளிவாகக் கேட்டது. அதன் அறிவிப்பாளர்கள் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரல்களை நம்பித்தான் இங்கே ஒரு தலைமுறை எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று கற்றுக்கொண்டது. தமிழில் முதல் டிஜேக்கள் அவர்களே என்பது என் கட்சி.

அரங்கேற்றத்துக்குச் சில விதிகள். முதல் பாட்டைத் தேய்க்கவே கூடாது. அது சீர்காழியின் பிள்ளையார் பாட்டாக இருக்கும், அல்லது இராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனிபாவின் பாட்டாக இருக்கும், அல்லது வேளாங்கண்ணி மாதா பாட்டாக இருக்கும். மூன்றில் எதைத் தேய்த்தாலும் அடுத்தபடி உங்களைத் தேய்ப்பார்கள். எந்தத் தெருவில் எந்தப் பாட்டைப் போடக்கூடாது என்பது கிராப்பைவிட நுட்பமான வித்தை. ஆடல் பாடல் நிகழ்ச்சிக்கு அனுமதி தரும்போது சாதியைத் தூக்கிப்பிடிக்கும் பாட்டு கூடாது என்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நிபந்தனை போடுவது சும்மா இல்லை. ராப் கேட்கிற பையன்கள் முன்வரிசையில் இருந்தால் யோகி பி – நட்சத்ராவின் 2006 ‘வல்லவன்’ தொகுப்பில் கை வையுங்கள், அவர்கள் மன்னிப்பார்கள். புனல் ஸ்பீக்கருக்குத் தடை உண்டு. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு விதி. பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது தொடங்கினால் ஸ்டேஷன்காரர் வந்து நிறுத்தியதாக ஊருக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

நீங்கள் உச்சத்தில் இருக்கும்போது, கிராப் முடித்து வேர்வை துடைக்கும்போது, மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடையேறி வந்து காதோரம் சொல்வார்: “தம்பி, தட்டு மாட்டிக்கிச்சு போல, ரெண்டு நிமிஷமா ஒரே இடத்துல நிக்கிது. வேற போடு.” விளக்கம் சொல்ல முயல வேண்டாம். தலையாட்டிவிட்டு வேறு போடுங்கள். மறுநாள் கணக்கு முடிக்கும்போது அவரே நோட்டை எண்ணி, தட்டு மாட்டிக்கொண்டதற்கு ஐநூறு ரூபாய் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். அதனால் ரேட் பேசும்போதே ஐநூறு கூட்டிச் சொல்லிவிடுங்கள்.