வாடகைத் தாலி வேண்டி ஒரு விண்ணப்பம்

பெறுநர்: ஒரகடம் வட்டாரத்தில் மகளிர் நல முகாம் நடத்தும் பெரியோர்கள்

பொருள்: வாடகைக்குத் தாலி கோருதல் – தொடர்பாக

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

போன ஞாயிறு தாங்கள் நடத்திய முகாமில் பந்தலும் அருமை, மோரும் அருமை. மைக்தான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது. மூன்று மாதமாகத் தள்ளிப்போகிறது என்று பதிவு மேசையில் இருந்த அக்காவிடம் காதோடு சொன்னேன். அவர் மைக்கை இறக்காமலே, "கல்யாணம் ஆச்சாம்மா?" என்றார். இல்லை என்றேன். "ஆகாமலே தள்ளிப்போச்சா?" பந்தலே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப்பேர் கம்பெனியில் என் லைனில் நிற்பவர்கள். இது கல்யாணமானவர்களுக்கான முகாம் என்று சொல்லி, பிரஷரும் சுகரும் மட்டும் பார்த்து அனுப்பினீர்கள். இரண்டும் நார்மல். நன்றி.

எங்கள் கம்பெனி கேட்டில் ஒரு மெட்டல் டிடெக்டர் உண்டு. தாலி இருந்தால் கத்தும். தங்களிடம் இருப்பது வேறு மாடல், தாலி இல்லாவிட்டால் கத்துகிறது.

2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் எழுதியது நினைவிருக்கும். ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் அசெம்பிளி வேலைக்கு மணமான பெண்களை எடுப்பதில்லை என்று செய்தி. மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. நிறுவனமோ மறுத்தது. புதிதாக எடுத்த பெண்களில் 25 சதவீதம் பேர் மணமானவர்களாம். உலோகம் கூடாது என்பது ஆண் பெண் எல்லோருக்கும் பொதுவான பாதுகாப்பு விதியாம். நான் வேறு கம்பெனி. என்னைச் சேர்த்த கான்ட்ராக்டர் உலோகத்தைப் பற்றியெல்லாம் பேசவில்லை. "கல்யாணம் இப்போதைக்கு இல்லையே?" என்று மட்டும் கேட்டார்.

ஆகவே என் கோரிக்கை: கம்பெனி கேட்டுக்கும் தங்கள் பந்தலுக்கும் நடுவே ஒரு தாலி கவுண்ட்டர். ஷிப்டுக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போவோம், அடிவயிறு வலித்தால் வாங்கிக் கட்டிக்கொள்வோம். மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து ஒன்று போதும். தங்கம் வேண்டாம், மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் கோத்துக் கொடுங்கள், எந்த டிடெக்டரும் கத்தாது.

என் ரூம்மேட்டுக்கு அந்தக் கவுண்ட்டர் அவசரமாகத் தேவை. அவளுக்கு ஆவணியில் கல்யாணம் ஆனது. தாலி ஹாஸ்டல் பெட்டிக்குள் இருக்கிறது. காப்பர்-டி பற்றிக் கேட்கத்தான் வந்தாள். வந்து பார்த்தால் டோக்கன் கொடுப்பவரே எங்கள் எச்.ஆர். அதனால் கல்யாணம் ஆகவில்லை என்றாள். அவளையும் திருப்பி அனுப்பினீர்கள். பிறகு ஒருநாள் அவளுக்கு அவசர மாத்திரை தேவைப்பட்டு மெடிக்கல் மெடிக்கலாக ஏறி இறங்கினோம். டாக்டர் சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று மத்திய அரசு விட்ட மாத்திரை அது. தமிழ்நாட்டில் தடையும் கிடையாதாம், மாத்திரையும் கிடையாது.

எச்.ஆர். காதில் விழ ஒரு பெண்ணிடம் கல்யாணமா, குழந்தையா என்று கேட்பதற்குப் பெயர் முகாமா, என்கொயரியா? நாளைக்கு அவள் வேலை போனால் நீங்களா சோறு போடுவீர்கள்? மைக் எதற்கு? ஒரு திரை கட்ட நாலு முழத் துணி கிடைக்கவில்லையா?

மன்னிக்கவும். மோர் உண்மையிலேயே அருமை.

தாங்கள் படித்தவர்கள், 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பையும் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அது கழுத்தைப் பார்த்து வருவதில்லை. 30 முதல் 49 வயதுக்காரர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனையை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. கருத்தடை அறுவைசிகிச்சைக் கணக்கும் அதிலேயே இருக்கிறது: தம்பதிகளில் பெண் செய்துகொண்டது 57.8 சதவீதம், ஆண் செய்துகொண்டது 0.1. தாலி கட்டியவரைப் பார்த்து எந்த டிடெக்டரும் கத்துவதில்லை போலும்.

கவுண்ட்டருக்கு நிதி இல்லையென்றால், அடுத்த முகாமில் மைக்கை மோர்ப் பானைப் பக்கம் வைத்துவிட்டு, எச்.ஆரையும் அங்கேயே உட்கார வைத்தால் போதும். எனக்கு இன்னும் வரவில்லை. யாரிடம் காட்டுவது என்பதையும் சொல்லி உதவ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
பெயர் போட மாட்டேன். டோக்கன் கொடுத்தவருக்கும் தமிழ் படிக்கத் தெரியும்.