உந்துருளிப் புறப்பாட்டியல்

கற்போய், கேள். இருந்த இடத்தை விட்டு நீங்குவதே புறப்பாடு என்று ஊரார் கொள்வர். அது பிழை. நீங்குதல் ஒரு வினை. புறப்பாடோ பல வினைகளின் அடுக்கு. சென்னையிலிருந்து ஏலகிரிக்கு உந்துருளிகளில் செல்லும் கூட்டத்தைக் கொண்டு அவ்வடுக்கை விரிப்போம். ஏலகிரியை ஏன் கொண்டோம் எனின், தொலைவு ஏறக்குறைய 230 கி.மீ.; ஒரே நாளில் போய்ச் சேரவும் கூடும், சேராமல் விடவும் கூடும். இவ்விரண்டும் கூடுகின்ற தொலைவில்தான் புறப்பாட்டின் கூறுகள் குறைவின்றி விளங்கும். உதகைக்குச் செல்வோர் தொலைவுக்கு அஞ்சி உரிய நேரத்தில் எழுந்துவிடுவர். மாமல்லபுரத்துக்குச் செல்வோர் எழுந்த பிறகே முடிவெடுப்பர். இருசாராரும் ஆய்வுக்கு உதவார்.

செல்வோரை நோக்கப் புறப்பாடு நான்கு வகைப்படும். ஒருவனே செல்வது தனிப்புறப்பாடு. சாவியைத் திருகினால் முடிந்தது, உரைக்கத்தக்கது ஒன்றுமில்லை. நண்பர் மட்டும் செல்வது தோழமைப் புறப்பாடு. உறவினர் மட்டும் செல்வது கிளைப் புறப்பாடு. இவ்விரண்டும் கலந்தது மயக்கப் புறப்பாடு. தோழமையில் தலைவன் ஒருவன். கிளையில் தலைவி ஒருத்தி. மயக்கத்தில் இருவரும் உளர், இருவர் குறித்த நேரமும் வேறு. இந்நூல் மயக்கத்தையே ஆராயும்.

இனி இருக்கை. ஓட்டுவோர்க்குப் பின்னே ஒருவர்தாம் அமரலாம் என்பது 1988ஆம் ஆண்டின் மோட்டார் ஊர்திச் சட்டம், 128ஆம் பிரிவு. ஆகவே கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளை ஒருவர் என்னும் மூவர்க்கு உந்துருளி இரண்டு வேண்டும். இரண்டாவதை ஓட்டுபவன் பெரும்பாலும் மனைவியின் தம்பி. அவனை இந்நூல் 'துணையுருளியான்' எனக் குறிக்கும். நான்கு அகவை நிரம்பாத குழந்தை உடன்வரின், அதற்குத் தலைக்காப்பும் ஓட்டுவோரோடு பிணைக்கும் வாரும் வேண்டும், விரைவு மணிக்கு 40 கி.மீ.யைத் தாண்டலாகாது என்று 2022இல் ஒன்றிய அரசு நெறி வகுத்தது. 230ஐ 40ஆல் வகுத்துப் பார். ஆறு மணிநேரத்துக்குச் சற்றே குறைவு. தேநீர் இதில் சேரவில்லை. இக்கணக்கைப் போட்டு முடித்த வீட்டார் சிலர், தொடர்வண்டியில் சோலையார்பேட்டைக்குச் சென்றுவிடுவதுண்டு. அவர் நம் நூலின் எல்லைக்கு வெளியே நிற்பவர்.

பின்னிருப்போர் மூவர்: தோளைத் தட்டி வழி கூறும் தட்டி, மடியில் பையை ஏந்தும் ஏந்தி, உறங்கி. உறங்கி மட்டும் மேலும் இரண்டாய்ப் பிரியும். முதுகில் சாய்ந்து கிடப்பவர் சாயுறங்கி. நிமிர்ந்தே உறங்கி, ஒவ்வொரு முறை விரைவு குறையும்போதும் தம் தலைக்காப்பால் முன்னிருப்பவர் தலைக்காப்பை இடிப்பவர் மோதுறங்கி. இவ்விடியின் ஒலி திருப்பெரும்பூதூருக்கும் வாலாசாவுக்கும் இடையே மிகுதியாய்க் கேட்கும். அங்கே சாலை நேரானது, காற்று வெதுவெதுப்பானது.

அடுத்தது சொற்புறப்பாடு. இதனைக் கல்லாதவன் புறப்பாட்டியல் கற்றவனாகான். ஆதலால் ஊன்றிக் கேள். குறித்த நேரம் காரிக்கிழமை காலை ஐந்து மணி எனக் கொள். ஐந்து மணிக்குப் புலனக் குழுவில் "கிளம்பிட்டேன் மச்சான்" என்னும் செய்தி எழும். இச்சொல் ஒன்றே, பொருள் ஐந்து. போர்வைக்குள் இருந்து எழுவது கிடைநிலைக் கிளம்பல். இது எழுத்தாக மட்டுமே வரும், குரலாக வாராது. குரல் உறக்கத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். குளியலறையிலிருந்து எழுவது ஈரநிலைக் கிளம்பல். அழைத்தால் பின்னணியில் நீர் விழும் ஒலி கேட்கும், அவன் அதை மழை என்பான். மூன்றாவது தேடுநிலைக் கிளம்பல், "சாவிய எங்க வெச்ச?" என்று வேறொருவரை அதட்டும் குரல் இதன் அடையாளம். சாவி பெரும்பாலும் முந்தைய நாள் அணிந்த காற்சட்டையில் இருக்கும், அக்காற்சட்டை ஊறவைக்கப்பட்டிருக்கும்.

நான்காவது வாயில்நிலை. காலணி பூட்டி, தலைக்காப்பு அணிந்து, பொறியும் உறுமுகிறது. ஆயினும் உருளியின் கீழ் எலுமிச்சை இன்னும் வைக்கப்படவில்லை. மாமியார் எலுமிச்சையும் சூடமும் கொண்டு வருமளவும் அவன் அசையலாகாது. தலைக்காப்புக்குள் இருப்பதால் அவனுக்கு மாமியார் சொல்வது கேளாது. எல்லாவற்றுக்கும் "சரிங்க அத்தை" என்பான். இப்படித்தான் இரண்டாம் தூக்குப் புளிச்சோறு ஏற்றப்படுகிறது.

ஐந்தாவது மெய்ந்நிலை. இவன் உண்மையிலேயே சாலையில் இருக்கிறான். ஓட்டிக்கொண்டிருப்பதால் விடை தரமாட்டான். எனவே விடை தருபவன் புறப்படாதவன், விடை தராதவனே புறப்பட்டவன் என்பது துணிபு. ஆயினும் இன்னும் கண்விழியாதவனும் விடை தரமாட்டான். இவ்விருவரையும் பிரித்தறியும் வழி இதுவரை காணப்படவில்லை. இவ்வைந்துக்கும் புறனடையாக "பாலத்துக்கிட்ட வந்துட்டேன்" என்பது ஒன்றுண்டு. எந்தப் பாலம் என்று வினவுதல் பண்பன்று.

கட்டியல் சிறிது. சுமையைக் கொக்கியுள்ள நெகிழ்கயிற்றால் கட்டுவது நெகிழ்கட்டு. கொடியில் துணி உலர்த்தும் கயிற்றால் கட்டுவது கொடிக்கட்டு. இரண்டிலும் முதலில் வேண்டப்படும் மழையங்கி அடியிலேயே இருக்கும் என்பது பொதுநெறி. மேற்சொன்ன புளிச்சோற்றுத் தூக்கு மேலே இருக்கும். ஆம்பூர்வரை அது திறக்கப்படுவதில்லை, ஆம்பூரைக் கண்டபின் அதைத் திறக்க யாருக்கும் மனம் வருவதில்லை.

தொடக்கியலில் பொத்தான் தொடக்கம் எளிது, விடுக. உதைத்தொடக்கமே கற்கத்தக்கது. இங்கிலாந்தின் ரெட்டிச்சு நகரத்தாரோடு கூடி 1955இல் சென்னையில் தோன்றிய என்ஃபீல்டு தொழிலகத்தின் பழைய புல்லட் வண்டி இதற்கு இலக்கு. மின்னோட்டங்காட்டியின் முள் நடுவில் நிற்கும்வரை மிதியை மெல்ல அமுக்கு. பின், அழுத்தம் விடுக்கும் சிறு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மிதியை இன்னும் சற்றே இறக்கு. கைப்பிடியை விட்டு, மிதியை மேலே வரவிட்டு, ஒரே மூச்சில் உதை. முறை பிறழ்ந்தால் வண்டி உன்னைத் திருப்பி உதைக்கும். இதனை அறியாத துணையுருளியான் பலமுறை உதைத்துக் களைத்தபின் நிகழ்வது தள்ளித்தொடக்கம். அதில் தள்ளுவோர் நண்பர். எப்படித் தள்ளுவது என்று நின்று கூறுவோர் உறவினர்.

இவை யாவும் முடிந்தபின் பூந்தமல்லிக்கு அப்பால் ஒரு தேநீர்க் கடையில் அனைவரும் கூடுவர். அவ்விடம் கூடுதுறை எனப்படும். கூடுதுறைக்கு மிக அருகில் வீடுள்ளவனே இறுதியில் வருவான். இதற்கு விலக்கு நாம் கண்டதில்லை. முந்தைய இரவே கன்னெய் நிரப்புக என்று குழுவில் கூறப்பட்டிருக்கும். கூறியவன் மட்டும் நிரப்பியிருக்க மாட்டான். நெடுஞ்சாலை ஆயச்சாவடிகளில் ஈருருளிக்கு ஆயம் இல்லை, ஓரவழியே செல்லலாம். ஆயினும் கூட்டம் அங்கேதான் பிரியும். முன்சென்றோர் சாவடிக்கு அப்பால் காத்திருப்பர். பின்வந்தோர் இப்பால் காத்திருப்பர்.

புறப்பாடு எங்கே முடிகிறது என்பதில் மூன்று கொள்கை உண்டு. வேலூர்க் கோட்டையின் அகழியைக் கண்டதும் முடிகிறது என்பர் ஒருசாரார். அது பொருந்தாது, வேலூரில் இன்னும் ஒருவர் "அடுப்ப அணைச்சோமா?" என்று பக்கத்து வீட்டாரை அழைத்துக்கொண்டிருப்பார். மனம் வீட்டில் இருக்க உடல் மட்டும் புறப்பட்டது புறப்பாடாகாது.

ஆம்பூரில் முடிகிறது என்பது இரண்டாம் சாரார் கொள்கை. இதில் வலு மிகுதி. சீரகச்சம்பா அரிசியில் ஆக்கிய ஊன்சோறும், உடன் புளிப்பேறிய கத்தரிக்காயும் உண்டபின் எவரையும் புறப்படுகிறார் என்று கூற இயலாது, இருக்கிறார் என்றே கூற இயலும். தோலங்கியர் எனப்படும் ஓர் உட்பிரிவும் இங்கே வெளிப்படும். நடுப்பகல் வெயிலில் கருந்தோல் மேலங்கி அணிந்து, அதனுள் தானே வெந்துகொண்டு வருபவன் தோலங்கியன். தோல் பதனிட்டும் காலணி தைத்தும் அயல்நாடுகளுக்கு விடுக்கும் ஆம்பூர், வாணியம்பாடி ஊராரோ பருத்திச் சட்டையில், டிவிஎஸ் மொபெட்டில் அவனை முந்திச் செல்வர். தோலின் இயல்பை அவ்வூரார் அறிவர்.

ஆயினும் இரண்டாம் கொள்கையையும் மறுக்கிறோம். உண்டு எழுந்தவர் மீண்டும் பை கட்டுவர், மீண்டும் சாவி தேடுவர், மீண்டும் "கிளம்பிட்டோம்" என்பர். அடுக்கு மறுபடி தொடங்குவதால் புறப்பாடு முடிந்திலது. நம் கொள்கை யாதெனின், வாணியம்பாடியில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, மலையடியில் பொன்னேரியை அடையும்போதே புறப்பாடு முற்றுப்பெறும். அதன்பின் திரும்பிப் போக யாருக்கும் துணிவில்லை. பின்னிருக்கும் மோதுறங்கியும் அங்கே விழித்துக்கொள்வார். ஆகவே 230 கி.மீ.யில் மலைப்பாதை நீங்கலாக எஞ்சியதெல்லாம் புறப்பாடே. ஏலகிரிச் செலவு என்பது பொன்னேரி தொட்டு அத்தனாவூர் வரையான 14 கொண்டையூசி வளைவுகளே.

அவ்வளைவுகளுக்குப் புலவர்கள், வள்ளல்கள் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பாரியையும் ஓரியையும் கபிலரையும் கம்பரையும் ஒரே மலையில், ஒரே பல்லிணையில் கடக்கும் பேறு உனக்குக் கிட்டும். தட்டி அப்பெயர்ப் பலகைகளை உரக்கப் படிப்பார். நீ தலையைத் திருப்பாதே.

கற்போய், இனி நீ ஏறலாம். வளைவில் ஒலி எழுப்பு. இறங்கும்போது, ஏறிய பல்லிணையிலேயே இறங்கு. ஏறிவருவோர்க்கு வழிவிட்டு நில். மேலிருந்து வரும் பேருந்து இந்நெறியைக் கற்றதாகத் தெரியவில்லை, அதற்கும் வழிவிடு. மீள்வியல் தனி நூலாக வரும். அது இதனினும் மிகச் சிறிது. மீளும் நாளுக்கு மறுநாள் அலுவலகம் உண்டு.